பள்ளி விட்ட பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளியின் கடைசி மணி அடிப்பதற்கும் பெற்றோர் வேலையிலிருந்து வீடு திரும்புவதற்கும் இடையே கிடக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் துணையாக இருப்பதைப் பற்றி, அதாவது வழிகாட்டி என்றும் மென்டார் என்றும் நாம் அழைக்கும் உறவைப் பற்றி, வாசகர்களின் கடிதங்கள் சில மாதங்களாகவே வந்து சேர்ந்துகொண்டிருந்தன. அவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஏற்கெனவே டியூஷன் போகிறான். இப்போது பள்ளியில் வாரம் இரண்டு நாள் மாலையில் வழிகாட்டல் என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே பாடம் எதுவும் நடத்துவதில்லையாம். பேசுகிறார்கள், விளையாடுகிறார்கள் என்கிறான். இதற்கும் சும்மா பொழுதைப் போக்குவதற்கும் என்ன வேறுபாடு? (ஒரு தாய்)

உங்கள் சந்தேகம் நியாயமானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போலத்தான் தோன்றும். நான் வழிகாட்டியாகச் சேர்ந்த முதல் ஆண்டில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பையன், முதல் ஐந்து வாரங்களில் என்னோடு பேசியதை எல்லாம் கூட்டினாலும் பத்து வாக்கியம் தேறாது. ஒரு டென்னிஸ் பந்தைச் சுவரில் அடிப்பான், அது திரும்பி வரும், மறுபடியும் அடிப்பான். பக்கத்தில் நின்றுகொண்டு, பந்து தப்பி என் பக்கம் உருண்டு வந்தால் எடுத்துக் கொடுப்பதே என் வேலையாக இருந்தது. ஆறாவது வாரம், பந்தின் மீதிருந்த கண்ணை எடுக்காமலேயே, "அப்பாவும் அம்மாவும் இப்போது பேசிக்கொள்வதே இல்லை" என்றான். எதிரே உட்காரவைத்து "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டிருந்தால் அந்த வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது. கைக்கு ஒரு வேலை இருக்கும்போது, முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாய் திறப்பது எளிதாகிறது.

டியூஷன் ஆசிரியருக்கு ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, ஒரு தேர்வு இருக்கிறது. பிள்ளையை அவர் மதிப்பெண்ணின் வழியாகத்தான் பார்த்தாக வேண்டும். பெற்றோராகிய நமக்கும் பிள்ளையிடம் எதிர்பார்ப்பு உண்டு, அதில் தவறும் இல்லை. வழிகாட்டிக்கு அந்தப் பிள்ளையிடமிருந்து வரவேண்டியது எதுவும் கிடையாது என்பதால்தான் அவரிடம் சிலவற்றைச் சொல்ல முடிகிறது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய்த் தீவில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகிய ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் என்று பல இன்னல்கள் ஒன்றாகச் சூழ்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், எல்லாவற்றையும் மீறித் திடமான மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். அப்படி வளர்ந்தவர்களின் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்டவற்றுள் ஒன்று, பெற்றோரைத் தவிர அக்கறை கொண்ட வேறொரு பெரியவர், ஒரு பாட்டியோ ஆசிரியரோ அண்டை வீட்டாரோ, அவர்களுக்கு வாய்த்திருந்தார் என்பது.

இதற்காக, வழிகாட்டி வந்துவிட்டால் பிள்ளை தலைகீழாக மாறிவிடுவான் என்று நம்பிவிடாதீர்கள். 2002-ஆம் ஆண்டு 55 மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வொன்று, இத்தகைய திட்டங்களால் பயன் உண்டு, ஆனால் சராசரியாக அது மிதமானதுதான் என்ற முடிவுக்கு வந்தது. ஒரு வேண்டுகோள் மட்டும்: மகன் வீட்டுக்குள் நுழைந்ததுமே "இன்றைக்கு அங்கே என்ன பேசினாய்?" என்று விசாரணையைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: அண்மையில் ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டு வெளிநாட்டிலுள்ள மகளிடம் போகும்வரை மூன்று நான்கு மாதங்கள் கையில் இருக்கின்றன. மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருக்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

உங்கள் நல்ல மனத்தை மதிக்கிறேன்; ஆனாலும் தனி ஒரு பிள்ளைக்கு வழிகாட்டியாக இப்போது சேர வேண்டாம் என்றே சொல்வேன். 1904-இல் நியூயார்க்கில் தொடங்கிய பிக் பிரதர்ஸ் இயக்கத்திலிருந்து வளர்ந்த, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவரைத் துணையாக இணைத்துவைக்கும் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் திட்டத்தை ஆராய்ந்து 2002-இல் ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் வெளியிட்ட முடிவுகளை, இந்தப் பணிக்கு வரும் எல்லோரும் சேரும் முன்பே ஒருமுறை படித்துவிட வேண்டும். ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்குப் பலவகைப் பயன் கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளிலோ, வழிகாட்டியே இல்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டாலும் அந்தப் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்திருந்தது. ஏற்கெனவே யாரோ ஒருவர் விட்டுப்போன வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, இன்னொருவரும் விட்டுப்போவது புதிய செய்தியாக இருப்பதில்லை. தான் அப்படி விடப்பட வேண்டிய ஆள்தான் என்று தன்னைப் பற்றி அவன் நினைத்துவைத்திருப்பதற்கு அது ஒரு சாட்சியாகிவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்பு சொன்ன அதே பையனிடம், ஒரு வியாழக்கிழமை அலுவலக வேலையில் மாட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் இருந்துவிட்டேன். விளக்கு ஏற்றும் வரை அவன் வாசல் கதவருகிலேயே நின்றிருந்தான் என்பதை மறுநாள் காவலர் சொல்லித்தான் அறிந்தேன். அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றான். அதற்குப் பிறகு ஒரு மாதம், நான் எவ்வளவு முயன்றும் அந்தப் பந்து என் பக்கம் உருண்டு வரவேயில்லை.

உங்களிடம் மூன்று மாதம் இருக்கிறதென்றால் அதற்கேற்ற வேலைகள் இருக்கின்றன. குழு விளையாட்டுகளில் நடுவராக நிற்கலாம், புதிய வழிகாட்டிகளுக்கான பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாம், வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கலாம். இந்தக் கடைசி வேலையை யாரும் விரும்புவதில்லை. ஆனால் இரண்டு வாரமாக யார் வரவில்லை என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அந்தப் பதிவேடுதான். மகளிடமிருந்து திரும்பிய பிறகு ஓராண்டுக்கு வாக்குக் கொடுக்க முடிந்தால், அப்போது ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியர். மாலை நேரத் திட்டத்தில் விளையாட்டையும் சேர்த்திருக்கிறோம். நன்றாக விளையாடும் பத்துப் பேர் மைதானத்தை எடுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள், குறிப்பாக மாணவிகள், ஓரமாக உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில், இது உங்கள் பள்ளியின் குறை மட்டும் அன்று. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 146 நாடுகளின் மாணவர்களிடமிருந்து திரட்டிய தகவல்களைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வொன்றின்படி, 2016-ஆம் ஆண்டில் 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. மாணவிகளில் இது 85 விழுக்காடு. எனவே மைதானத்தை ஆக்கிரமித்திருக்கும் உங்கள் பத்துப் பேரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அவர்கள் உங்கள் உதவி இல்லாமலேயே விளையாடிக்கொள்வார்கள்.

இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆளுக்கு ஒருவராகப் பெயர் சொல்லி அணி பிரிக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றே அதை நிறுத்திவிடுங்கள். கடைசியாக மிஞ்சும் அந்த ஒரு பிள்ளையை ஒருமுறை கவனித்துப் பாருங்கள்: பெயர் பாதியளவு குறைந்ததும் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டத் தொடங்குவான், இரண்டு பேர் மிஞ்சும்போது தண்ணீர் குடிக்கப் போய்விடுவான், மறுவாரம் கால் வலி என்று சொல்லி ஓரத்தில் உட்கார்ந்துகொள்வான். சீட்டுக் குலுக்கியோ எண் சொல்லியோ பிரித்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், யாருடைய மதிப்பும் எல்லோர் முன்னிலையிலும் எடைபோடப்படாது.

உட்கார்ந்திருப்பவர்களிடம் எந்த விளையாட்டு வேண்டும் என்று கேட்டால் "எதுவும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். நடந்துகொண்டே பேசலாம் வா என்று அவர்களது வழிகாட்டி அழைத்தால் பெரும்பாலோர் எழுந்துவிடுவார்கள்; மைதானத்தைச் சுற்றி அரை மணி நேரம் விரைந்து நடப்பதும் கணக்கில் சேரும். கயிறு தாண்டுதல், நடனம், பந்தை மாறி மாறிப் பிடித்தல் போன்ற, வெற்றி தோல்வி இல்லாத சிலவற்றை ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். மாணவிகள் ஒதுங்குவதற்குப் பல சமயம் மிக எளிய காரணங்கள் இருக்கும்: மாதவிடாய் நாள், சங்கடம் தரும் சீருடை, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்கள். ஆசிரியையோ பெண் வழிகாட்டியோ தனியாகக் கேட்டால் உண்மையான காரணம் வெளிவரும். கேட்ட பிறகு தாழ்ப்பாளைப் போடவும் வேண்டும். மேலும், எடை பார்த்து எல்லோர் முன்னிலையிலும் எண்ணை உரக்கச் சொல்வது, "கொஞ்சம் குறைக்கலாமே" என்று வேடிக்கையாகச் சொல்வது, இவை இரண்டும் உங்கள் திட்டத்தில் ஒருபோதும் நடக்கக் கூடாதவை. அந்த ஒரு வாக்கியத்தால் சாப்பாட்டையே ஒதுக்கத் தொடங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. இரவு பன்னிரண்டு மணிக்கு முன் தூங்குவதில்லை, காலையில் எழுப்புவது போராட்டமாக இருக்கிறது. இது சோம்பலா? மாலை நேரத் திட்டத்தால் இது இன்னும் மோசமாகுமா?

சோம்பல் இல்லை. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு, பூப்பெய்திய பிறகு இரவில் முன்பைவிடத் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. படுக்கையில் தள்ளினாலும் உடனே தூக்கம் வராது. 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் கணக்கு. பதின்வயதினருக்கான பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல் பரிந்துரைத்ததற்கும் இதுவே காரணம். மாலைத் திட்டம் வெளிச்சம் இருக்கும்போதே திறந்தவெளியில் நடந்தால் தூக்கத்துக்கு நல்லது. இருட்டிய பிறகு தொடங்கி, வீட்டுப்பாடத்தை இரவு பத்து மணிக்குத் தள்ளினால் கெட்டது. அந்த நேரத்தைப் பற்றி ஒருங்கிணைப்பாளரிடம் தயங்காமல் பேசுங்கள். கைப்பேசி இரவில் கூடத்திலேயே இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து.

கேள்வி: நான் கல்லூரி முடித்த கையோடு ஒரு மாலைத் திட்டத்தில் மென்டாராகச் சேர்ந்தேன். என் பொறுப்பிலுள்ள மாணவி, "அக்கா, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தால் ஒன்று சொல்கிறேன்" என்றாள். நானும் சத்தியம் செய்துவிட்டேன். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதாகச் சொன்னாள். இப்போது இரவில் எனக்கே தூக்கம் வரவில்லை. என்ன செய்வது?

இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் உங்கள் ஒருங்கிணைப்பாளரை அழைத்துப் பேசுங்கள். நாளை வரை காத்திருக்க வேண்டாம். அவரிடம் சொல்வது துரோகம் ஆகாது. அந்தச் சத்தியம், கொடுத்திருக்கவே கூடாத ஒன்று. அதைக் கொடுத்த குற்றத்தில் பெரும்பங்கு, உங்களுக்கு முதல் நாளே பயிற்சி தராதவர்களுடையது.

யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்பதை மாணவியிடமும் மறைக்காதீர்கள். "நீ சொன்னதை நான் கேட்டதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. உன் உயிர் எனக்கு முக்கியம். இதை இன்னாரிடம் சொல்லப்போகிறேன், விரும்பினால் நீயும் கூட வா, நாம் சேர்ந்தே சொல்வோம்" என்று நேரடியாகப் பேசுங்கள். சில நாள் அவள் உங்களிடம் முகம் கொடுக்காமல் இருக்கலாம். அந்த நாள்களிலும் வழக்கமான நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" அப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது, அது தவறு என்று உலகச் சுகாதார நிறுவனமே தெளிவுபடுத்தியிருக்கிறது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எல்லோரும் சாக விரும்புவதில்லை, ஆனால் கேட்காமல் அதை அறிய வழியில்லை. ஆம் என்றால் அவளைத் தனியே விடாதீர்கள்; பொறுப்புள்ள இன்னொரு பெரியவர் வந்து சேரும்வரை உடனிருங்கள், அவசர உதவியை நாடுங்கள். "உனக்கு என்ன குறை?", "அப்பா அம்மாவை நினைத்துப் பார்" போன்ற பேச்சுகள் வேண்டாம். காயத்தைக் காட்டச் சொல்லியும் கேட்காதீர்கள்.

சிகிச்சை உங்கள் வேலை இல்லை. 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை கண்டறியப்படாமலேயே போய்விடுகின்றன. அதைக் கண்டு உரிய மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வழிகாட்டி செய்யக்கூடிய பெரிய உதவி. இனிமேல் எந்தப் பிள்ளையைச் சந்தித்தாலும் முதல் நாளே இப்படிச் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்வதை என்னோடு வைத்துக்கொள்வேன், உனக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்றால் மட்டும் வைத்துக்கொள்ள மாட்டேன்." இதைக் கேட்டதால் பேசாமல் போன பிள்ளை எவரையும் நான் பார்த்ததில்லை. உங்களுக்கும் மனம் கனத்திருக்கிறது. உங்கள் தூக்கமின்மையையும் ஒருங்கிணைப்பாளரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: முன்பின் தெரியாத ஒருவரை நம்பிப் பிள்ளையை எப்படி விடுவது?

நம்பி விடாதீர்கள், கேட்டு விடுங்கள். வழிகாட்டிகளின் பின்னணியை யார், எப்படிச் சரிபார்த்தார்கள்? சந்திப்பு பிறர் கண்ணில் படும் இடத்தில், கதவு திறந்த அறையில் நடக்கிறதா? கைப்பேசியில் தனிச் செய்தி அனுப்புவதற்கும் வண்டியில் தனியாக ஏற்றிச் செல்வதற்கும் என்ன விதி? புகார் என்றால் பிள்ளை யாரிடம் போக வேண்டும் என்பது பிள்ளைக்கே தெரியுமா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்துக்கு, மற்றவை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், பிள்ளையை அனுப்ப வேண்டாம். பரிசுப் பொருள், "இது நமக்குள் இருக்கட்டும்" என்ற பேச்சு, இரண்டும் சேர்ந்து வந்தால் உடனே விழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒழுங்கீனமான மாணவர்கள் இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்காக மட்டும் மாலைத் திட்டம் தொடங்க எண்ணுகிறோம். (ஒரு தலைமையாசிரியர்)

அப்படிச் செய்யாதீர்கள் ஐயா. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-இல் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரு நகரங்களில் 506 சிறுவர்களைக் கொண்டு ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. பாதிப் பேருக்குச் சராசரியாக ஐந்தாண்டு காலம் ஆலோசகர், படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம் கிடைத்தன; மறுபாதிக்கு எதுவும் இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தபோது, உதவி பெற்றவர்களில் மூன்றில் இரு பங்கினர் அது தங்களுக்கு நன்மை செய்ததாகவே சொன்னார்கள். பதிவேடுகள் வேறு கதை சொல்லின: குடிப்பழக்கம், மனநோய், அகால மரணம் ஆகியவற்றில் உதவி பெற்றவர்களின் நிலையே மோசமாக இருந்தது. பிற்பாடு ஆராய்ந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடம் அந்தக் கேடு மிகுதியாகத் தென்பட்டது. வம்புக்காரர்கள் என்று பெயர் வாங்கிய பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்துவைத்தால், ஒருவன் அடிக்கும் கொட்டத்துக்கு மற்றவர்கள் சிரிப்பதே அவனுக்குக் கிடைக்கும் பரிசாகிவிடுகிறது. திட்டத்தை எல்லோருக்கும் திறந்துவையுங்கள். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் இருபது பேரையும் நூறு பேருக்கு நடுவே சேருங்கள். அந்தப் பட்டியலையும் கிழித்துப் போட்டுவிடுங்கள், அது எப்படியும் ஆசிரியர் அறையிலிருந்து வகுப்பறைக்கு வந்துவிடும்.

கேள்வி: எனக்கு 16 வயது. என் மென்டார் நல்லவர்தான். ஆனால் நான் எதைச் சொன்னாலும் "உன் வயதில் நான்..." என்று ஆரம்பித்துவிடுகிறார். விலகிக்கொள்ளலாமா? அவர் மனம் புண்படுமா?

விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அதற்கு முன்பு ஒருமுறை, "சார், இதற்கு எனக்கு யோசனை வேண்டாம், கேட்டால் மட்டும் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். எங்களில் பலருக்கு இந்த வியாதி உண்டு, சொன்னால்தான் தெரிகிறது. என்னிடம் ஒரு மாணவி, "நீங்களே கேட்கிறீர்கள், நீங்களே பதிலும் சொல்லிவிடுகிறீர்கள், நான் எதற்கு?" என்று கேட்டாள். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்த ஆண்டு நான் கற்றுக்கொண்டது அவளிடமிருந்துதான் அதிகம். சொல்லியும் மாறவில்லை என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் வேறொருவரைக் கேளுங்கள். அது தினமும் நடப்பது, தவறாக நினைக்க மாட்டார்கள். சொல்லாமல் நின்றுவிட மட்டும் வேண்டாம். ஒரு கடைசிச் சந்திப்புக்கு நாள் குறித்து, அரை மணி நேரம் போய்விட்டு வாருங்கள். பேச ஒன்றும் இல்லையென்றால் இருவரும் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுக் கை குலுக்கிக்கொள்ளலாம்.